இருமொழிக் கல்வி: கூட்டலா, கழித்தலா?

(ஆசிரியரும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இருமொழிக் கல்விபற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்தீர்கள். அச்சொல்லைச் செவியுற்ற மாத்திரத்தே இந்நாட்டுப் பெற்றோரின் உள்ளத்தில் எழுவது ஆங்கிலம் ஒன்றே. அஃது அவர்கள் குற்றமன்று. 2001ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பு விஞ்ஞான மாணவருக்கும், அதற்கடுத்த ஆண்டில் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் சில பாடங்களை ஆங்கிலத்திற் கற்பிக்க அரசாங்கம் இடமளித்தது. கணிதம், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில். மொழியும் சமயமும் சரித்திரமும் தாய்மொழியில். இந்த ஏற்பாட்டுக்கே இருமொழிக் கல்வி என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அரசியலமைப்பு ஏட்டிலோ சிங்களமும் தமிழும் உத்தியோக மொழிகள் என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழி என்றும் எழுதப்பட்டிருக்கின்றது. அவ்விரு உத்தியோக மொழிகளுக்குமிடையே பள்ளிக்கூடத்தில் யாது தொடர்பு என்று வினவினால், விடை கூற முன்வருவார் மிகச் சிலர். பெயரளவில் ஒரு பாடம் உண்டு. பாட நேரசூசியில் ஒரு கட்டம் உண்டு. பல இடங்களில் அக்கட்டத்தை நிரப்ப ஆசிரியர் இல்லை.

ஆகவே இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் சிங்களத்தையும் தமிழையும் பற்றியே. ஆங்கிலத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்வேன்.

என் கட்சியை முன்னதாகவே கூறிவிடுகிறேன். இரண்டாம் மொழி பிள்ளையின் தாய்மொழியோடு கூட்டப்படுவதாயின் அது செல்வம். தாய்மொழியைத் தள்ளிவிட்டு அதன் இருக்கையில் அமர்வதாயின் அது நட்டம். இக்கூட்டல் தமிழ்ப் பிள்ளைக்கு மாத்திரம் விதிக்கப்பட்ட கடமையாகவும் இருத்தலாகாது. சிங்களப் பிள்ளையும் தமிழைக் கற்றாலன்றி, தமிழ்ப் பிள்ளை கற்கும் சிங்களம் ஒரு சாரார் மாத்திரம் செலுத்தும் வரியாகவே முடியும்.

வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

இரு மொழிகளிற் கற்றல் நமக்குப் புதிதன்று. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரி ஒன்றைத் தொடங்கினர். அங்கே மேனாட்டுக் கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. தமிழ் இலக்கிய இலக்கணமும் கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மாணாக்கர் உத்தியோகத்தையே நாடினர், சமயப் பணிக்கு வந்தோர் சிலரே என்பது மிஷன் தலைமையின் மனக்குறைகளுள் ஒன்று. ஆனால் அச்செமினரியின் மாணவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர் கலித்தொகை முதலாய பழந்தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழிலிருந்து அகற்றவில்லை. ஏன்? தமிழ் அவரிடத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது. ஆங்கிலம் அதன்மேல் வந்து சேர்ந்தது.

நல்லூர் ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றுப் பின் அங்கேயே ஆசிரியராயிருந்தவர். பார்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவரும் அவரே. அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப் பாடசாலைக்கும், அவர் வளர்த்த தமிழ் வசன நடைக்கும் அந்த இருமொழிப் பயிற்சி துணை செய்தது என்று கூறின் அது மிகையாகாது.

மானிப்பாயில் நிகழ்ந்ததோ இதனினும் வியப்புக்குரியது. டொக்டர் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் தாம் தமிழைக் கற்று, 1860களில் தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் போதிக்கலானார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்னும் பெரு நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். இங்கே இரண்டாம் மொழியைக் கற்கும் பாரத்தைச் சுமந்தவர் ஆசிரியர். அறிவை அடைந்தவர் மாணவர். தமிழிலே விஞ்ஞானம் கற்பித்தல் இயலுமா என்று இன்றும் ஐயுறுவார் உளர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அறுவை வைத்தியத்தையே தமிழிற் கற்பித்த ஊரில் நின்றுகொண்டு சிலர் இதைக் கேட்பது எனக்கு விளங்குவதில்லை.

தண்டனையாக வந்த மொழி

1944ஆம் ஆண்டில் அரசாங்க சபையிலே, சிங்களத்தை உத்தியோக மொழியாக்குவதற்கான பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்தார். தமிழையும் அதிற் சேர்க்க வேண்டுமெனத் திருத்தம் கூறியவர் வி. நல்லையா. திருத்தத்தோடு கூடிய பிரேரணை 27 வாக்குகளாலே நிறைவேறிற்று, எதிர்த்தவர் இருவர். அடுத்த ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனா மொழியாயிற்று. பின்னர்ப் படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் அது பரந்து, 1960களில் சர்வகலாசாலை வரை சென்றது.

இது பெரும் நன்மை. ஆங்கிலம் அறியாத ஏழைக் கமக்காரனின் பிள்ளைக்குக் கல்வியின் கதவு இதனாலேயே திறந்தது. அதனை எவரும் குறைத்துரைத்தலாகாது. ஆனால் அக்கதவைத் திறந்தோர் ஒன்றை மறந்தனர். ஒரே கூரையின்கீழ் இரு மொழிப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் ஒருங்கே கற்ற சில பாடசாலைகளிலும் வகுப்புகள் இரண்டாகப் பிரிந்தன. சிங்கள மூலம் ஒரு வகுப்பு, தமிழ் மூலம் மற்றொன்று. நடுவிலே ஒரு சுவர். அச்சுவரில் ஒரு வாயில் வேண்டுமென்றும், அவ்வாயில் மற்றைய மொழியே என்றும் அந்நாளிற் சிலர் சொன்னார்கள். அதற்கான ஆசிரியரைப் பயிற்றி அனுப்பும் வேலையை யாரும் மனங்கொண்டு செய்யவில்லை.

அதன்பின் 1956 வந்தது. 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றே உத்தியோக மொழி எனப் பிரகடனம் செய்தது. அன்றுதொட்டுத் தமிழனுக்குச் சிங்களம் ஒரு மொழியாக வரவில்லை, பரீட்சையாக வந்தது. சித்தியடையாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வு இல்லை. கோடீஸ்வரன் என்னும் அரசாங்க உத்தியோகத்தர் 1962இல் அவ்வாறு உயர்வு மறுக்கப்பட்டு வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றிற்று. 1969இல் லண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று கூறி உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளியது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூல வினாவையோ விடைகூறாது திருப்பி அனுப்பிற்று. அவ்வினா நீதிமன்றத்திலே கடைசிவரை தீரவில்லை.

இதை நான் பழைய புண்ணைக் கிளறுதற்காகச் சொல்லவில்லை. ஒரு மொழி எவ்வாறு கற்பிக்கப்படலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை என்பதற்காகவே சொல்கிறேன். தன் ஊதியத்தைப் பணயமாக வைத்துக் கற்பிக்கப்படும் மொழியை மனிதன் நேசிப்பதில்லை. நாற்பது வயதுக் குமாஸ்தா, வீட்டிலே தன் மக்களுக்கு முன்னால், அரிச்சுவடியை வைத்துக்கொண்டு இருந்த காட்சியைக் கண்ட பிள்ளைகள் சிங்களத்தை வெறுத்ததில் வியப்பென்ன? அவ்வெறுப்பின் மிச்சம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. அதன் காரணத்தை நான் மதிக்கிறேன். அதன் விளைவை மதிக்க இயலவில்லை.

மேற்குக் கரையிற் கழிந்த தமிழ்

வெறுப்பினால் வரும் கேடு ஒருபுறமிருக்க, மறுபுறத்திலே வேறொரு கேடு சந்தடியின்றி நடந்தது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் வரை செல்லும் கரையோரத்தை நோக்குங்கள். அங்கே தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர், பல்லாயிரவர் இருந்தனர். ஊர்ப் பாடசாலையின் போதனா மொழி சிங்களமாயிற்று. கோவிலிற் பிரசங்கமும் பல இடங்களில் அம்மொழிக்கு மாறிற்று. யாரும் யாரையும் அடிக்கவில்லை. சட்டம் எதுவும் தமிழைத் தடைசெய்யவில்லை. பள்ளிக்கூடம் மாத்திரம் மாறியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பாட்டி தமிழிற் செபம் சொல்கிறாள், மகள் இரு மொழியும் பேசுகிறாள், பேரப்பிள்ளைக்குச் சிங்களம் ஒன்றே தெரியும். அதே கரையிலுள்ள உடப்பிலே தமிழ் நின்றது.

இதிலே சிங்கள மக்கள்மேற் குறைகூற ஒன்றுமில்லை. அப்பெற்றோரும் பிள்ளைகளின் முன்னேற்றத்தையே விரும்பினர். ஆனால் நடுவிலுள்ள அந்த மகளின் நிலையைப் பாருங்கள். இரு மொழி அறிந்த தலைமுறை அதுவொன்றே. தக்க கல்வி ஏற்பாடு இருந்திருந்தால் அத்தலைமுறை நாட்டுக்குப் பாலமாக நின்றிருக்கும். அதுவின்றி, ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லும் ஓடமாக முடிந்தது. ஓடம் ஆளைக் கரைசேர்த்துவிட்டுத் திரும்பி வரவில்லை.

இன்று இதே ஓடம் வேறு துறைகளிலே காத்து நிற்கின்றது. சப்பிரகமுவாவிலும் தென் மாகாணத்திலும் உள்ள தோட்டப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்புக்கு மேலே தமிழ்ப் பாடசாலை எட்டாத தொலைவில் இருக்கின்றது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு தமிழில் கிடைப்பது அங்கே மிக அரிது. படிப்பை நிறுத்துவது, அல்லது சிங்களப் பாடசாலைக்குச் செல்வது, இரண்டே வழி. இரண்டாவதைத் தேர்ந்த பெற்றோரை நான் எங்ஙனம் குறை கூறுவேன்? அருகிலே தமிழ் வகுப்பை வைத்து, அதனுள்ளே சிங்களத்தையும் செவ்வையாகக் கற்பித்திருந்தால் அவர்கள் அத்தேர்வைச் செய்யவேண்டி வந்திராது.

கனடாவிற் கண்டது

கனடா நாட்டில் மொன்றியல் நகருக்கு அண்மையில் செயின்ற் லம்பேட் என்றொரு சிற்றூர். அங்குள்ள ஆங்கிலப் பெற்றோர் 1965இலே ஒரு சோதனைக்கு முன்வந்தனர். தம் பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு மொழியிற் கற்பிக்குமாறு கேட்டனர். ஆங்கில வாசிப்பு ஓரிரண்டு ஆண்டு கழித்தே தொடங்கப்பட்டது. மக்கில் சர்வகலாசாலைப் பேராசிரியர் லம்பேட்டும் அவருடன் உழைத்தோரும் அப்பிள்ளைகளை ஆண்டாண்டாக அளந்து பார்த்தனர். சில ஆண்டுகளில் அவர்களின் ஆங்கிலம் மற்றைய ஆங்கிலப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குக் குறைவின்றி நின்றது, கணிதமும் குறையவில்லை, பிரெஞ்சோ, பாடமாக மட்டும் அதைக் கற்றோரைவிட மிக உயர்ந்திருந்தது.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் நம் பிள்ளைகளையும் முதல் வகுப்பிலேயே வேற்று மொழியில் தள்ளிவிடலாமே" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். அப்பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு எவ்வித ஆபத்தும் இருக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம், வீதியில் ஆங்கிலம், பத்திரிகையில் ஆங்கிலம், வர்த்தகத்தில் ஆங்கிலம், அதிகாரத்தில் ஆங்கிலம். அமெரிக்காவுக்குக் குடிபுகுந்த ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளும் வேற்று மொழியிலேயே கற்றனர். அவர்களுக்கோ தாய்மொழியும் தேய்ந்து பாடமும் பின்தங்கிற்று. முறை ஒன்றுபோலத் தோன்றினும் விளைவு வேறாயிற்று. இவ்வேற்றுமைக்கே அப்பேராசிரியர் பின்னர் கூட்டும் இருமொழிமை, கழிக்கும் இருமொழிமை என இரு பெயர் இட்டார். என் உரையின் தலைப்பு அவரிடமிருந்து பெற்ற கடன்.

அந்நாட்டிலேயே கமின்ஸ் என்னும் மற்றோர் அறிஞர், குடிவந்த பிள்ளைகளை ஆராய்ந்து கூறிய ஒன்றைப் பெற்றோர் மனத்தில் இருத்துதல் வேண்டும். புது மொழியிலே விளையாடவும் கதை பேசவும் பிள்ளைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு போதும். ஆனால் அம்மொழியிற் பாடப் புத்தகத்தைப் படித்து விளங்கி, அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளோடு சமமாக நிற்க ஐந்து முதல் ஏழு ஆண்டு செல்லும். மகன் அயல்வீட்டுப் பிள்ளையோடு சரளமாகப் பேசுகிறான் என்பதைக் கண்டு மகிழும் தந்தை, அவனால் அம்மொழியில் விஞ்ஞானப் பாடத்தையும் கற்கமுடியும் என்று முடிவு கட்டிவிடுகிறார். முதலாவது நாவிலுள்ள மொழி. இரண்டாவது சிந்தனையிலுள்ள மொழி. தாய்மொழியில் வாசித்து விளங்கும் ஆற்றல் பெற்ற பிள்ளை அவ்வாற்றலை இரண்டாம் மொழிக்கும் எடுத்துச் செல்கின்றது. தாய்மொழியிலேயே அதைப் பெறாத பிள்ளைக்கு எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை.

வகுப்பறையில் நடப்பது

இனி ஆசிரியர்களோடு சிறிது பேச விரும்புகிறேன். பெற்றோரும் கேட்கலாம்.

சிங்களம் தமிழ்ப் பிள்ளைக்குக் கடினமானதா? குடும்ப முறையில் அது ஆரிய மொழி, நமது திராவிட மொழி. ஆயினும் ஈராயிரம் ஆண்டு அயல்வாழ்வு வீண்போகவில்லை. "மம கெதர யனவா" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று வருகிறது. முறை சிறிதும் மாறவில்லை. ஆங்கிலத்திலோ இறுதிச் சொல்லை நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். கடை அங்கே கடே, முதலாளி முதலாலி, கூலி குலிய, சல்லி சல்லியே, அக்கா அக்காவே. வடசொல் வழியாக வந்தவையும் இரு மொழிக்கும் பொது. நகரம் நகரய என்றும், பாஷை பாஷாவ என்றும் ஆகின்றன. முதல் நாளிலேயே ஐம்பது சொல் தெரிந்த பிள்ளையாக நம் பிள்ளை வகுப்புக்குள் நுழைகின்றது. இதை அதற்கு எடுத்துச் சொல்லும் பாடம் எங்கே?

எளிதானவை இருக்க, கடினமானவையும் உண்டு. நாம் ஒரே ககரத்தை இடத்துக்கேற்ப ஒலிக்கிறோம். அவர்கள் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வெவ்வேறு எழுத்து வைத்திருக்கிறார்கள். அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே நம்மிடம் இல்லாத உயிரொன்று உண்டு. மலையைக் குறிக்கும் சொல்லும் மரத்தின் அடியைக் குறிக்கும் சொல்லும் ஒரு மூக்கொலியின் நீட்டல் குறுக்கலால் மாத்திரம் வேறுபடுகின்றன. இவற்றைக் காதாற் கேட்டு வாயாற் பழகினாலன்றிக் கரும்பலகையிற் பார்த்து அறிய இயலாது.

இன்னொன்று. தமிழைப் போலவே சிங்களத்துக்கும் பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. பேச்சிலே "மம யனவா, அபி யனவா, எயா யனவா" என்று நான், நாம், அவன் மூவருக்கும் வினை ஒன்றே. எழுத்திலோ "மம யமி, அபி யமு, ஒஹு யயி" என்று நம் மொழியைப்போல இடந்தோறும் விகுதி மாறும். பேச்சை முதலிற் கற்பித்தால் ஆறு மாதத்தில் பிள்ளை வாய் திறக்கும். நாம் செய்வது என்ன? அயன்ன, ஆயன்ன என்று எழுத்துகளை வரைவித்து, எழுத்து வழக்கின் விகுதிகளை மனனம் செய்வித்து, ஆண்டிறுதியில் வினாத்தாள் கொடுக்கிறோம். நான்கு ஆண்டு அவ்வாறு கற்ற மாணாக்கன் கொழும்புக் கடையொன்றில் விலை கேட்க ஆங்கிலச் சொல்லைத் தேடுகிறான். நான்கு ஆண்டில் நாற்பது வாக்கியம் பேசக் கற்றுக்கொடுத்திருந்தால் அதுவே பெரும் பயன்.

மறுபக்கத்திலும் இதே கதை. தமிழ் கற்கும் சிங்களப் பிள்ளைக்கு முதலில் 247 எழுத்தைக் காட்டி அச்சுறுத்துகிறார்கள். லகர ளகரத்தையும் னகர ணகரத்தையும் வேறுபடுத்தி எழுதும் வழக்கம் அப்பிள்ளையின் மொழியிலும் உண்டு. ழகரமும் றகரமுமே புதியவை. இதைக் கூறுவார் இல்லை. "நான் வந்துகொண்டிருக்கிறேன்" என்று புத்தகத்திற் கற்ற அப்பிள்ளை யாழ்ப்பாணம் வந்து "வாறன்" என்ற சொல்லைக் கேட்டுத் திகைக்கின்றது. மலைநாட்டிற் கேட்பது வேறு, மட்டக்களப்பிற் கேட்பது வேறு. தான் கற்றது தமிழேயன்று என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகின்றது.

சட்டம் எழுதியது, பள்ளி செய்யாதது

1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் உத்தியோக மொழியாதல் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டின் 16ஆவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் அது எவ்வாறு வழங்கப்படல் வேண்டும் என்று வகுத்தது. 1991இல் உத்தியோக மொழிகள் ஆணைக்குழுவை அமைக்கச் சட்டம் வந்தது. 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் அரசாங்க சேவையிற் சேருவோர் ஐந்து ஆண்டுக்குள் மற்றைய உத்தியோக மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்று சுற்றறிக்கை பிறந்தது. 2012இல் மும்மொழி இலங்கைக்கெனப் பத்தாண்டுத் திட்டமும் தொடங்கப்பட்டது, அப்பத்தாண்டும் கழிந்துவிட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை.

ஆனால் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லும் தமிழ்ப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். அவள் தமிழிலே முறைப்பாடு சொல்கிறாள். சார்ஜன்ற் சிங்களத்திலே எழுதுகிறார். தான் வாசிக்க அறியாத தாளின் அடியிலே அவள் கையொப்பம் இடுகிறாள். பின்னொரு நாள் நீதிமன்றத்திலே அத்தாள் அவளுக்கு எதிராகவும் பேசக்கூடும். சட்டத்தில் அவளுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை நிறைவேற்றவேண்டிய சார்ஜன்ற் தீயவரல்லர். தமிழை எழுத அவருக்கு யார் கற்பித்தது? இருபத்தைந்து வயதுக்குப் பின் நூறு இருநூறு மணிநேர வகுப்பு வைத்துக் கற்பிக்கப் பார்க்கிறோம். பத்து வயதில், மொழி எளிதாக நாவில் ஏறும் பருவத்தில், கற்பித்திருக்கவேண்டியதை அப்பொழுது செய்யவில்லை.

பேருந்துகளிலே கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின்மேல், தகரத்தின் இடத்தில் நகரம் விழுந்து "நாய்மார்" என்று எழுதப்பட்டிருந்த செய்தியைப் பலர் அறிவீர்கள். சினந்தவர் பலர், சிரித்தவர் பலர். எனக்கு அதிலே வன்மம் தெரியவில்லை. தமிழ் எழுத்தைக் கோலத்தைப் பார்த்து வரைவதுபோல வரைந்த ஒருவரின் கை தெரிந்தது. அவரும் பதின்மூன்று ஆண்டு பள்ளி சென்றிருக்கக்கூடும். ஒரு தேசத்தின் உத்தியோக மொழியைப் பதின்மூன்று ஆண்டில் ஒரு வரி எழுதக் கற்பிக்காத கல்வியே வெட்கப்படவேண்டியது.

இதற்குச் செய்யவேண்டியது மறைபொருளன்று. கல்வியியற் கல்லூரிகளிலே சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரைத் தமிழ்ப் பாடசாலைகளுக்கும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரைச் சிங்களப் பாடசாலைகளுக்கும் எனப் பயிற்றல். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. தூர ஊருக்குச் செல்வோருக்கு வசிக்க வீடும் மேலதிகப் படியும். தொகையில் ஒன்றுக்கு ஒன்று என்ற இந்த நியாயத்தை எந்த அரசாங்கமும் ஏற்கவேண்டும். தமிழ்ப் பாடசாலைக்குச் சிங்கள ஆசிரியர் வருகிறார், சிங்களப் பாடசாலைக்குத் தமிழ் ஆசிரியர் செல்லவில்லை என்றால், நம் மக்கள் 1956ஐ நினைப்பார்கள். நினைப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

பரீட்சையையும் கவனியுங்கள். ஒன்பதாம் வகுப்பு வரை இரண்டாம் தேசிய மொழி ஒரு பாடம். சாதாரணதரப் பரீட்சையிலோ ஆங்கிலம் எல்லோருக்கும் உரிய பாடமாக இருக்க, இது விருப்பப் பாடங்களின் கூடையிலே போடப்பட்டது. பரீட்சையில் எண்ணப்படாத பாடத்தை நம் நாட்டில் எந்தத் தகப்பன் எண்ணுவான்? பிள்ளை தேர்வதுமில்லை, அதிபர் ஆசிரியரைக் கேட்பதுமில்லை, கல்விப் பகுதி அனுப்புவதுமில்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்டு.

ஆங்கிலம்

ஆங்கிலத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அது வேண்டும், வேண்டாமென்பார் இங்கே ஒருவருமிலர். ஆனால் ஆங்கில மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் அரசாங்கப் பாடசாலைகள் நாட்டின் பாடசாலைகளுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தவை. அவையும் பெரும்பாலும் நகரங்களில். கிராமத்திலே அத்தகைய வகுப்புத் தொடங்கினால் பெற்றோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, கற்பிப்பவர் யார் என்பது. ஆங்கிலத்திலே தயங்கும் விஞ்ஞான ஆசிரியர் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்பித்தால் பிள்ளை இரண்டையும் இழக்கும். அதே ஆசிரியர் தமிழிலே விஞ்ஞானத்தைத் தெளிவாகக் கற்பிக்க, பக்கத்து அறையில் நல்ல ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தைக் கற்பித்தால் இரண்டும் கிடைக்கும். கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்று நடக்கும் சர்வதேசப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவோரிடம் நான் கேட்பது ஒன்றே: பத்து வயதில் அப்பிள்ளை தன் பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுமா?

நேரம் ஆகிவிட்டது. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள், இரண்டாம் மொழி வகுப்பின் முதல் ஆண்டிலே எழுதுகோலை மேசைக்குள் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள் என்பதே. பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது அதனினும் சிறிது. நம் பாடசாலையில் சிங்கள ஆசிரியரின் இடம் எத்தனை ஆண்டாக வெறுமையாக இருக்கின்றது என்று அதிபரிடம் கேட்டு அறியுங்கள். அதைக் கல்வி அமைச்சுக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். கொழும்புக்கு என்பதற்காக ஆங்கிலத்தில் எழுதவேண்டா, தமிழிலே எழுதுங்கள். தமிழில் எழுதியவனுக்குத் தமிழில் மறுமொழி அனுப்பவேண்டுமென்பது அரசியலமைப்பின் கட்டளை. மறுமொழி சிங்களத்தில் வந்தால், அதனையும் உங்கள் கடிதத்தின் பிரதியையும் உத்தியோக மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.